ஒன்றரைச் சுற்று

கைத்தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, பிக்கப்பின் பற்றரிக்கு மேல் வைத்திருந்தேன். அதற்குள்ளிருந்து ஓட்வார் பேசிக்கொண்டிருந்தார். எல்வெரூமில் இருக்கும் அந்த மனிதரிடம்தான் போன ஒக்டோபரில் இந்தப் பிக்கப்பை வாங்கினோம். முப்பது வருடம் கராஜ் நடத்தியவர். அவருடைய நொர்வேஜிய மொழி காட்டுப்பக்கத்து மொழி. சொற்களின் வாலைக் கடித்து விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் வெளியே விடுவார். நான் குனிந்து கேட்டு, நிமிர்ந்து தமிழில் சொன்னேன். என் கணவர் குகநேசன் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி நின்றார்.

"டீசல் பம்புக்குப் பின்னாலை ஒரு ஸ்க்ரூ இருக்காம். நட்டை இளக்கிப்போட்டு, கால் சுத்து உள்ளுக்குச் சுத்தட்டாம். காலுக்கு மேலை வேண்டாமாம்."

"கால்," என்றார் குகநேசன். அவர் தோள் அசைந்தது. "அடுத்தது?"

"இனி டேர்போ. அதுக்குப் பக்கத்திலை சின்ன டப்பா ஒண்டு இருக்காம். அதிலையிருந்து ஒரு கம்பி வருதாம்."

"காணுறன். கம்பியை என்ன செய்யிறது?"

"கட்டையாக்கிறதாம். கட்டையாக்கினா, புகை தப்பி ஓடுற கதவு பிந்தித்தான் திறக்குமாம். டேர்போ கூடச் சுழலுமாம். காத்துக் கூடுமாம்."

"எவ்வளவு கட்டையாக்கிறது எண்டு கேளும்."

கேட்டேன். ஹல்வன்னன், என்றார் ஓட்வார். கம்பியின் முனையை ஹல்வன்னன் சுற்று.

"அரைச் சுத்து," என்று குகநேசனிடம் சொன்னேன்.

அவர் உடனே அசையவில்லை. எஞ்சினுக்குள்ளிருந்த தலை கொஞ்சம் திரும்பியது போல இருந்தது. பிறகு, "அரை," என்றார்.

ஓட்வார் இன்னும் பேசினார். டீசலும் காற்றும் சேர்ந்து போக வேண்டும், ஒன்றை விட்டு ஒன்று போகக்கூடாது என்றார். புகைக்குழாயில் பூட்டியிருக்கும் வெப்பமானியின் ஊசி எழுநூறைத் தாண்டி நின்றால் காலை எடு, தாண்டி எண்ணூறுக்குப் போனால் எஞ்சினை மறந்துவிடு என்றார். அவற்றையெல்லாம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். நல்வாழ்த்துச் சொல்லி அவர் வைத்துவிட்டார். நான் போனைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, ஈர உடுப்புக் காயப்போட வேண்டும் என்று சொல்லி வீட்டுக்குள் போனேன்.

இந்த நாட்டு மொழியில் ஹல்வ் என்றால் அரை. அன்னன் என்றால் இரண்டாவது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றரை. முழுதாக ஒன்று, பிறகு இரண்டாவதில் பாதி. வந்த புதிதில் எங்கள் ஆட்கள் எல்லோரும் இதில் ஒருமுறையாவது விழுவார்கள். நானும் விழுந்திருக்கிறேன். வீட்டுப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு கிழவருக்கு ஹல்வன்னன் மாத்திரை என்று எழுதியிருந்ததைப் பார்த்து மாத்திரையை நடுவே உடைத்துப் பாதியைக் கொடுத்தேன். பின்னேரம் வந்த தாதி கண்டுபிடித்தாள். கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என்னைக் கூப்பிட்டு இருத்தி வைத்து, ஒரு படிவம் நிரப்பி, இது பிழை என்று மூன்று தரம் சொன்னார்கள். அதற்குப் பிறகு பதினாறு வருடம். காலையில் ஏழு வீடு, எட்டு வீடு. எந்த வீட்டிலும் அந்தச் சொல்லில் நான் பிழை விட்டதில்லை. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒன்றரை என்றுதான் சொல்வேன்.

அன்று என் வாய் அரை என்றது. சொன்ன கணத்திலேயே அது எனக்குத் தெரியும். திருத்துவதற்குப் போதிய நேரம் இருந்தது. ஓட்வார் இன்னும் இரண்டு நிமிடம் பேசினார். நான் திருத்தவில்லை.

உடுப்புகளை உதறிக் கொடியில் போடும்போது எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பழைய எஞ்சின். கொஞ்சமாகச் செய்தால் ஆபத்துக் குறைவு. அரை காணும். இந்த நியாயம் எனக்கு மிகவும் பழக்கமானது.

பதினெட்டு வருடமாக இந்த வீட்டின் வாய் நான். மகள் ஆரபி ட்ரொண்ட்ஹைமுக்குப் படிக்கப் போவதற்கு முன்பும் அப்படித்தான். பிள்ளை தகப்பனுக்காகப் பேசக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். குகநேசன் முதலில் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்றவர். அங்கே சுற்றிவரத் தமிழ் ஆட்கள். பிறகு ஒஸ்லோவில் பதினொரு வருடம் ஒரு சாமான் களஞ்சியத்தில். அங்கே போலந்துக்காரரும் எங்கள் ஆட்களும். மொழி அவருக்குத் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் நான் நின்றேன். நின்று, வருவதைக் குறைத்துச் சொன்னேன்.

முதுகு போனபோது டொக்டர் வாரிக் என்றார். நிரந்தரம் என்று பொருள். நான் குகநேசனிடம், "கொஞ்சக் காலம் எடுக்குமாம்" என்றேன். வேலைக் கந்தோரில் இருந்த பெண், உங்கள் கணவருக்குப் புதிய வேலை என்பது யதார்த்தமான எதிர்பார்ப்பு இல்லை என்றாள். நான், "உடனை கிடைக்கிறது கஷ்டமாம்" என்றேன். மறுபக்கமும் அப்படியே. "உவளைப் போய் வேறை மாட்டுக்குப் புல்லுப் போடச் சொல்லும்" என்று அவர் சொன்னதை, என் கணவர் சற்று ஏமாற்றமடைந்திருக்கிறார் என்று மாற்றி அவளிடம் கொடுத்தேன். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் சூடாகாமல் பார்த்துக்கொண்டேன். இதை அன்பு என்று நினைத்திருந்தேன். அன்பு இல்லாமலும் இல்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அரை என்று சொன்னது அன்பில்லை. அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு நாள் பிடித்தது.

பனிக்காலம் முழுக்க அவர் பிக்கப்போடுதான் இருந்தார். மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் தொடர்வீட்டுக்கு முன்னால் இருக்கும் வாகனத் தரிப்பிடத்தில், தார்ப்பாய் விரித்துப் படுத்து, முதுகு நோகும்போது எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு மறுபடி படுத்து. ட்ரெயிலர் இழுப்பதற்கான அனுமதிப்பத்திரம் அவரிடம் இருந்தது. கல்லும் மண்ணும் ஏற்றி இறக்க மெஷின் இருக்கிறது, தான் ஓட்டினால் மட்டும் போதும், ஓட்டுவதற்கு முதுகு விடும் என்றார். ஏப்ரலில் ஒரு விளம்பரம் பார்த்து நான்தான் போன் எடுத்தேன். லோரன்ஸ்கூகில் தோட்டக்கல் விற்கும் ரூனெ என்பவர். அவருடைய வாடிக்கையாளர்களில் அரைவாசிப்பேர் ஹோல்மென்கொலன் மலைச்சரிவில் வீடு வைத்திருப்பவர்கள். மே மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாகனத்தோடு வா, ஒரு ட்ரெயிலர் கல் தருகிறேன், பின்னால் வரும் வாகனங்களை மறிக்காமல் மேலே ஏற்றிக் காட்டினால் கோடைகால வேலை உனக்குத்தான் என்றார். அதை மட்டும் நான் குறைக்காமல் சொல்லியிருந்தேன். குகநேசனின் முகம் அன்று எப்படி மாறியது என்பதைப் பார்த்துவிட்டு, ஏன் குறைக்கவில்லை என்று யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சோதனை ஓட்டம். றஜீவ் தன் தோட்டத்துக்கு வாங்கிய மண்மூட்டைகளையும் பழைய சீமெந்துக் கற்களையும் ட்ரெயிலரில் அடுக்கிக் கொண்டுவந்தான். குகநேசனோடு மீன் தொழிற்சாலையில் நின்றவன். இப்போது நகரத்தில் பஸ் ஓட்டுகிறான். தன் பஸ் மின்சாரத்துக்கு மாறியதிலிருந்து டீசல் எஞ்சின் என்றால் அவனுக்குக் கண் கலங்கும். வெப்பமானியைப் பூட்டித் தந்ததும் அவன்தான்.

"அக்கா நடுவிலை இருங்கோ," என்றான். "ஊசியைப் பாத்துச் சொல்லுறது உங்கடை வேலை. அண்ணைக்கு ரோட்டைப் பாக்கிறதே பெரிய பாடு."

"நீ உன்ரை பஸ்ஸை ஓட்டுற மாதிரி நான் ஓட்டுறேல்லை," என்றார் குகநேசன்.

"ஓம், என்ரை பஸ் ஸ்ரொப்பிலை நிக்கும். உங்கடையது நடுறோட்டிலை நிக்கும்."

ஹவ்கெத்தூவிலிருந்து எங்கள் பக்கம் ஏறும் வீதியில் பிக்கப்பை எடுத்தோம். அடிவாரத்தில் எஞ்சின் நன்றாகத்தான் இழுத்தது. குகநேசன் காலை அழுத்தினார். சத்தம் தடித்தது. ஊசி ஐந்நூறிலிருந்து அறுநூறுக்கு வந்தது. ஏற்றம் தொடங்கிய இடத்தில் பின்கண்ணாடி முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

றஜீவ் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். "அண்ணை, பின்னாலை வெள்ளையா ஒரு கார் வந்தது. இப்ப அது எங்கடை நிறத்துக்கு வந்திட்டுது. இருவத்தைஞ்சு வரியமா எங்களாலை செய்ய ஏலாததை உங்கடை பிக்கப் அரை மைலிலை செய்துபோட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் ஊசி எழுநூறில் நின்றது.

"எழுநூறு," என்றேன். "எழுநூத்தி இருவது. நாப்பது."

"இழுக்குதில்லை," என்றார் குகநேசன். "அழுத்துறன், இழுக்குதில்லை."

"எழுநூத்தி எழுவது! காலை எடுங்கோப்பா!"

அவர் எடுத்தார். வேகம் சட்டென்று விழுந்தது. பஸ் தரிப்பிடம் ஒன்றில் ஒதுக்கி நிறுத்தினோம். கறுப்பாகிப் போன அந்த வெள்ளைக் காரை ஓட்டிய பெண் எங்களைக் கடக்கும்போது கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னாள். வழமையாக இந்த இடத்தில் இருவரும் என்னைப் பார்ப்பார்கள். றஜீவ் மட்டும் பார்த்தான். "அதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் அக்கா, விளங்கிட்டுது," என்றான்.

பிறகு இறங்கி, மூடியைத் திறந்து, நுனிமூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தான். "டீசலைக் கூட்டியிருக்கிறியள். காத்துக் காணாது. முழுக்க எரியாமல் கரியாப் போகுது. அதுதான் புகை, அதுதான் சூடு. மூச்சு முட்டுது அண்ணை உதுக்கு. கம்பியை எவ்வளவு சுத்தினியள்?"

"ஓட்வார் சொன்ன மாதிரித்தான்," என்றார் குகநேசன்.

நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குறைத்தால் ஆபத்தும் குறையும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இங்கே நான் குறைத்தது காற்றை. காற்றுக் குறைந்ததால்தான் அது கொதித்தது. இன்னும் ஒரு நிமிடம் அழுத்தியிருந்தால் அவருடைய பனிக்காலம் முழுவதும் அந்த ஏற்றத்தில் உருகி ஓடியிருக்கும்.

வீட்டுக்கு வந்து ட்ரெயிலரைக் கழற்றிக்கொண்டு றஜீவ் போய்விட்டான். குகநேசன் நேரே குசினித் தொட்டிக்கு வந்து, மணல் கலந்த சவர்க்காரத்தால் கையைக் கழுவத் தொடங்கினார். ஆறு மணி இருக்கும். மே மாதத்து வெயில் இன்னும் மத்தியானம் போல மேசையில் கிடந்தது. அடுத்த நாள் காலை ஆறரைக்கு என் வேலை தொடங்கும். என் கால்கள் இரண்டும் அப்போதே அடுத்த நாளுக்குப் போய்விட்டவை போலக் கனத்தன.

"ரூனெக்கு ஒரு மெசேஜ் போடும்," என்றார், என்னைப் பார்க்காமல். "வாகனம் சரிவரேல்லை, வேறை ஆளைப் பாக்கட்டும் எண்டு."

"ஏன்? நாளைக்கு ஒரு நாள் இருக்குத்தானே."

"நான் எங்கையோ பிழை விட்டிட்டன். எனக்கு உது சரிவராது. எழுதும்."

போனைக் கையில் எடுத்தேன். அவர் சொன்னதை எழுதுவதற்கு எனக்கு அரை நிமிடம் போதும். எழுதி அனுப்பினால் எல்லாம் முடிந்துவிடும். அவர் மறுபடி சோபாவின் அந்த மூலைக்குப் போவார். நான் மறுபடி வேலை முடிந்து வந்து, கடிதங்களைப் பிரித்து, பாதியைச் சொல்லி, பாதியை விழுங்குவேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் எதற்காக அரை என்று சொன்னேன் என்று. அவருக்கு அந்த வேலை கிடைத்தால் எனக்கு இரண்டாவது வேலை கிடைக்கும். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் எடுத்து, எத்தனை மணிக்கு வருவது, கல்லை எங்கே இறக்குவது, வேலியை யார் இடித்தது என்று ஏழெட்டு வீட்டுக் கிழவர்களின் காலுறைகளுக்கு நடுவில் நின்று நான்தான் பேச வேண்டும். அந்த எஞ்சினுக்கு வலு வருவதை என் உடம்பு விரும்பவில்லை. வாய் உடம்பின் சொல்லைக் கேட்டது.

"நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றேன்.

"என்னத்தை?"

"ஓட்வார் அரை எண்டு சொல்லேல்லை. ஒண்டரை எண்டவர்."

அவர் குழாயை மூடவில்லை. "தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"ஹல்வன்னன் எண்டா ஒண்டரை எண்டு. பதினொரு வரியம் களஞ்சியத்திலை நிண்டனான். மரப்பலகைத் தட்டுக்கு அங்கை பல் எண்டுதானே பேர். ஹல்வன்னன் பல், ஹல்வன்னன் பல் எண்டு நாள் முழுக்கக் கத்துவாங்கள். எங்கடை போர்மன் ஒருத்தனுக்கு முன்பல்லு உடைஞ்சிருந்தது. அவனுக்கு நாங்கள் ஒண்டரைப் பல்லன் எண்டு பேர் வைச்சனாங்கள்."

வேறொரு நாளில் இதற்குச் சிரித்திருப்போம்.

"தெரிஞ்சும் பிறகேன் அரை சுத்தினியள்?"

"நீர் அரை எண்டனீர்."

"நான் சொன்னா? எஞ்சின் எரிஞ்சிருக்குமேப்பா."

இப்போது குழாயை மூடினார். துவாயை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "நீர் உந்தச் சொல்லிலை பிழை விடுற ஆளில்லை. மாத்திரைக் கதை எனக்கும் தெரியும்தானே. அரை எண்டு சொல்லுறீர் எண்டா, யோசிச்சுத்தான் சொல்லுறீர். இந்தாளுக்கு அரைக்கு மேலை ஏலாது எண்டு நினைக்கிறீர். நீர் நினைச்சாச் சரியாத்தான் இருக்கும் எண்டு விட்டன்."

நான் கதிரையில் இருந்தேன்.

"வாரிக் எண்டா என்னெண்டும் தெரியும்," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அண்டைக்கு டொக்டரின்ரை அறையிலேயே விளங்கினது. நீர் கொஞ்சக் காலம் எண்டனீர். பாவம், சொல்ல ஏலாமல் நிக்கிறா, இருக்கட்டும் எண்டு நானும் தலையை ஆட்டினனான்."

நான்கு வருடம். அந்த ஒரு சொல்லை அவருக்குத் தெரியாமல் சுமக்கிறேன் என்று நான்கு வருடம் நினைத்திருந்தேன். அதே சொல்லை அவர் மறுபக்கத்தில் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாமல் சுமந்திருக்கிறார். இரண்டு பேர் சுமந்தால் பாரம் பாதியாகும் என்பார்கள். எங்களிடம் அது இரண்டாகியிருந்தது. ஆறுதல் வரும் என்று காத்திருந்தேன். வந்தது களைப்புத்தான்.

"எனக்குக் களைச்சுப் போச்சப்பா," என்றேன். "உங்களுக்கு வேலை கிடைச்சா, எல்லாற்றை போனும் எனக்குத்தான் வரும். அதுதான். அதுதான் அப்பிடிச் சொல்லிப்போட்டன். உங்களாலை ஏலாது எண்டில்லை."

துவாயை மடித்துத் தொட்டி விளிம்பில் போட்டார். பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டும் மெஷினை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். அது பிடிக்கவில்லை.

"உதைத் தமிழிலை சொல்லியிருக்கலாமே," என்றார். "உதுக்கும் ஒரு எல்வெரூம்காரன் வேணுமே?"

ரூனெக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. அனுப்பச் சொல்லி அவரும் மறுபடி கேட்கவில்லை.

திங்கட்கிழமை நான் வேலையால் வந்தபோது பிக்கப்பின் மூடி பூட்டியிருந்தது. கம்பியில் மிச்சமிருந்த ஒரு முழுச் சுற்றையும் தானே சுற்றி, நட்டை இறுக்கி, வெற்று வாகனத்தை ஒருமுறை ஓட்டியும் பார்த்துவிட்டார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "மூச்சு வருது," என்றார். நாங்கள் ஒருவரோடொருவர் மரியாதையாக நடந்துகொண்டோம், புதிதாக ஒரே வீட்டுக்குக் குடிவந்த இரண்டு பேர் போல.

இரவு சாப்பிடும்போது, "நாளைக்கு வாறீரோ?" என்று கேட்டார்.

"கதைக்கவோ?"

"இல்லை. ஊசியைப் பாக்க ஒரு ஆள் வேணும். றஜீவுக்கு வேலை."

என்னுடன் வேலை செய்யும் ஒருத்தியோடு முறை மாற்றிக்கொண்டேன்.

ரூனெ உயரமான மனிதர், என்னைவிட இளையவர். கையைக் குலுக்கிவிட்டு, நாங்கள் றஜீவிடம் இரவல் வாங்கிய ட்ரெயிலரில் கற்பலகைகளை மெஷினால் ஏற்றினார். இரண்டு தட்டு. பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்தது. முகவரியைச் சொல்லி, தன் காரில் முன்னால் போனார். நாங்கள் நகரத்தைக் கடந்து மறுபக்கம் போய்ச் சேரும் வரைக்கும் எல்லாம் சமதரை. குகநேசன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். முதுகுக்குப் பின்னால் சின்னத் தலையணை ஒன்று வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஏற்றம் தொடங்கியது. சத்தம் ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் இல்லை. டேர்போ மெல்லிய விசில் போலக் கூவியது, எஞ்சின் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. பின்கண்ணாடியில் இலேசான சாம்பல் மட்டும்தான்.

"ஐந்நூத்தி எண்பது," என்றேன். "அறுநூறு. அறுநூத்தி இருவது."

"இழுக்குது," என்றார். சின்னப் பிள்ளையைப் போல வாய் கொஞ்சம் திறந்திருந்தது. "இழுக்குது, பாரும்."

முதல் வளைவு, இரண்டாவது வளைவு. ட்ராம் வண்டி போன்ற மலை ரயிலின் பாதை ஒருபக்கம் வந்து போனது. ரூனெயின் கார் எங்களுக்கு முன்னால் ஒரே தூரத்தில் இருந்தது. பின்னால் மூன்று வாகனங்கள், ஹோர்ன் அடிக்கவில்லை.

"அறுநூத்தி எழுவது. எழுநூறு."

அவர் காலை எடுக்கவில்லை. மூன்றாவது வளைவுக்குப் பிறகுதான் வீதி உண்மையாகவே நிமிர்ந்து நின்றது. ரூனெயின் கார் சற்றுத் தூரமாகத் தொடங்கியது. குகநேசன் அதைப் பார்த்தார், இன்னும் அழுத்தினார். ஊசி எழுநூற்றி இருபதைத் தாண்டியது. இன்னும் நூறு மீற்றர் இப்படியே போனால் ரூனெயைப் பிடித்துவிடலாம். அவருடைய கழுத்து நரம்பைப் பார்த்தேன். அறுநூற்றித் தொண்ணூறு என்று என் வாய்க்குள் வந்துவிட்டது. உண்மையாகவே வந்துவிட்டது, நாக்கின் நுனிவரைக்கும். அவர் ஊசியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுநூத்தி நாப்பது," என்றேன். "எழுநூத்தி ஐம்பது. ஏறுது. நிக்குதில்லை."

அவர் காலை எடுத்தார். கியரை இரண்டாவதுக்குக் குறைத்தார். ரூனெயின் கார் வளைவில் மறைந்தது. பின்னாலிருந்த முதலாவது வாகனம் எங்களைக் கடந்தது, பிறகு இரண்டாவது, பிறகு ஒரு பஸ். ஊசி எழுநூறுக்கு இறங்கி, அறுநூற்றி எண்பதில் நின்றது. அந்த வேகத்தில்தான் மிச்ச மலையையும் ஏறினோம்.

ரூனெ அந்த வீட்டுக்கு முன்னால் இறங்கிக் கைகட்டி நின்றார். குகநேசன் பிக்கப்பை நிறுத்தி, எஞ்சினை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டார். டேர்போ ஆறவேண்டும். நான் என் பக்கக் கதவின் பிடியில் கைவைத்தேன்.

"நீர் இரும்," என்றார். "நான் கதைக்கிறன்."

இறங்கிப் போனார். என் பக்கக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. ஏற்றவும் இல்லை, இன்னும் இறக்கவும் இல்லை. அவருடைய நொர்வேஜிய மொழியை நான் அவ்வளவு நீளத்துக்கு ஒருபோதும் கேட்டதில்லை. வினைச்சொற்கள் இடம் மாறி நின்றன. ஆனால் தயங்கவில்லை. எஞ்சின் நல்லது, இது எஞ்சினுக்கு அதிகபட்சம், இதற்கு மேல் நான் அழுத்தமாட்டேன், அழுத்தினால் உடையும், அது உனக்கும் நல்லதில்லை என்று சொன்னார். மெதுவாக வரும், ஆனால் வரும் என்றார். ரூனெ தலையைச் சொறிந்தார். பேசினார். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு இது சரிவராது, இங்கே வீதி காத்திருக்காது என்றார். ஸ்ட்ரோம்மன் பக்கத்துச் சமதரை வீடுகளுக்குச் செவ்வாயும் வியாழனும் வேண்டுமானால் வரலாம். அதுவும் மூன்று வாரத்துக்குத்தான், கராஜில் நிற்கும் தன் லொறி திரும்பி வரும் வரைக்கும், அதற்குப் பிறகு தனக்கு ஆள் தேவையில்லை என்றார். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

குகநேசன் கையைக் குலுக்கினார். திரும்பி வந்து ஏறி இருந்தார். தலையணையைச் சரிசெய்தார். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது, மலையேறியபோது கூட அப்படி வியர்க்கவில்லை.

"என்னவாம்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்பது இதுதான் முதல் தடவை.

"செவ்வாயும் வியாழனும் வரட்டாம். மலைப்பக்கம் இல்லை, ஸ்ட்ரோம்மன் பக்கம். சமதரை. எஞ்சினுக்கும் அதுதான் நல்லம்."

"கோடை முழுக்கவோ?"

அவர் கையை ஸ்டியரிங்கின் மேல் வைத்தபடி, அந்த வீட்டில் நின்ற மெஷின் ட்ரெயிலரிலிருந்து கல் இறக்குவதைப் பின்கண்ணாடியில் பார்த்தார். ஒரு கணம்தான். ஒரு ஆள் ஒரு சொல்லை எடுத்து, பாரம் பார்த்து, எவ்வளவைக் கொடுப்பது என்று யோசிக்கும் அந்த ஒரு கணம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதை வெளியே இருந்து நான் பார்த்ததில்லை.

"ஓம்," என்றார். "அப்பிடித்தான் சொல்லுறார்."

ரூனெ சொன்னது என் காதில் விழுந்ததை அவர் அறிவாரா என்று யோசித்தேன். பாதி இறங்கிய என் பக்கக் கண்ணாடி அவருக்கும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. மூன்று கிழமை. இந்த மூன்று கிழமைக்குள் அவராகச் சொல்வார், அல்லது சொல்லமாட்டார்.

"நல்லம்," என்றேன்.

வெறும் ட்ரெயிலர் பின்னால் தடதடக்க, வண்டி மலையை விட்டு இறங்கத் தொடங்கியது. இறக்கத்தில் ஊசியைப் பார்க்கத் தேவையில்லை. தலையைக் கதவில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.